ஜன்னலைப் பார்த்த நாற்காலி

காலையில் எழுந்தான். பால் காய்ச்சினான். முட்டை அவித்தான், ரொட்டி வாட்டினான். மேசையில் இரண்டு தட்டு வைத்தான். பிறகு தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி, மேசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். மனைவி சாலை விபத்தில் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

இரண்டாவது தட்டு மனைவியின் தங்கைக்கு. இந்த ஊரில் வேலை கிடைத்து வந்து ஒரு வாரமாகிறது. தினமும் ஆபீஸில் சாப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லி விடியலிலேயே கிளம்பிவிடுவாள். நேற்று துவைக்க அவள் தலையணை உறையை உருவியபோது, ஒளித்து வைத்த ரொட்டித் துண்டுகள் உதிர்ந்தன. வாசலில் நின்று அவள் பார்த்துவிட்டாள்.

இன்று விடுமுறை. முதுகுக்குப் பின்னால் பையின் ஜிப் சத்தம் கேட்டது. திரும்பினான்.

"அருவருப்பா இருக்குல்ல மாமா? முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க. நான் ஹாஸ்டலுக்கே போயிடறேன்."

"இது உனக்காக இல்ல. உங்க அக்காவுக்காக."

காசு கொடுத்தாலும் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவன், சொன்னான். சிறுவயதில் சாப்பிடும்போது அவர்கள் அப்பா எதிரே உட்கார்ந்து முறைப்பதும், பாதியில் தட்டைப் பிடுங்கி எறிவதும் தங்கைக்குத் தெரியாததல்ல. ஆனால் வளர்ந்த பிறகும் யார் கண்ணாவது தட்டில் பட்டால் அக்காவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது அவளுக்குத் தெரியாது. பெண்டாட்டி இளைக்க இளைக்க, சொந்தக்காரர்கள் அவனைக் கஞ்சன் என்றார்கள். ஒரு டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டபோதுதான் அவள் வாயைத் திறந்தாள். நாற்காலியைத் திருப்பியது புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கண்டுபிடித்த வைத்தியம்.

தங்கை பையைக் கீழே வைத்தாள்.

"நான் ஒளிச்சு வச்சுத் தின்னுவேன். அப்புறம் எல்லாத்தையும் வாந்தி எடுத்துடுவேன். இன்னைக்கு வரைக்கும். அக்கா ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ சொன்னியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. அந்த டாக்டரம்மா இன்னும் இருக்கிறாரா என்று கேட்டாள். திங்கட்கிழமை கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டு அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பின்னால் நாற்காலி இழுபட்டது. ரொட்டி பிய்க்கும் சத்தம். வெகுநேரம் கழித்து, மெல்லும் சத்தம்.

"தங்கச்சியப் பாத்துக்கங்கன்னுதான் அக்கா கடைசியா சொன்னாளாம். நிஜமா மாமா?"

அது சொந்தக்காரர்கள் கட்டிவிட்ட கதை. மறுக்க அவனுக்குத் தெம்பில்லாமல் போயிருந்தது. விபத்து நடந்த அன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டே மனைவி சொன்னது வேறு. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது தெருவைப் பார்த்தபடியே சொன்னான்:

"நாளைக்கு நாற்காலியத் திருப்பாதீங்க. நான் சாப்பிடறதப் பாருங்க."