காலி வண்டி

லாரி ஓட்டியவரோடு ஊர் சுற்றத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் ஒரு தைல பாட்டிலை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. எனக்கு யாரும் சொல்லவில்லை. ஐப்பசியில் பேச்சை எடுத்து மார்கழி வரைக்கும் என் வீட்டுக்காரரோடு மல்லுக்கட்டியதில் மிச்சமானது தலைவலிதான்.

வீட்டுக்காரர் பெயர் அப்புசாமி. சங்ககிரியில் சொந்தமாக இரண்டு லாரி வைத்து, அதில் ஒன்றைத் தானே ஓட்டியவர். போன வருஷம்தான் இரண்டையும் விற்றார். நான் சௌந்திரம், கிராம நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். தடுப்பூசிப் பெட்டியும் மொபெட்டுமாகச் சுற்றுப்பட்டு ஊர்கள் அத்தனையும் அலைந்திருக்கிறேனே தவிர, திருப்பதிக்கு அந்தப் பக்கம் போனதில்லை. அவரோ ராஜஸ்தானுக்குச் சந்தைக்குப் போவதுபோலப் போய் வந்தவர். கல்யாணமான புதிதில், பாலைவனம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "மணலு. வேறென்ன" என்றார். அதற்குப் பிறகும் பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். மணலுக்கு மேல் ஒரு வார்த்தை வந்ததில்லை.

எனக்கு அதைப் பார்த்தாக வேண்டும். ஜெய்சால்மர் பக்கம் பாலைவனத்தையே தேசியப் பூங்காவாக வைத்துக் காக்கிறார்கள், அங்கே கானமயில் என்று இடுப்பு உயரத்துக்கு ஒரு பறவை கொஞ்சமே கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று டிவியில் காட்டினார்கள். அன்றிலிருந்து ஆசை முற்றிவிட்டது. அதற்கு இந்தத் தை மாதத்தை விட்டால் வழி கிடையாது. மகள் தனப்பிரியாவுக்குப் பங்குனியில் பிரசவம். அவளும் மாப்பிள்ளையும் ஓசூரில் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளையை நான்தான் பார்க்க வேண்டும். அது பள்ளிக்கூடம் போகிறவரைக்கும் நான் அந்த வீட்டுப் படியைத் தாண்ட முடியாது. அதற்குள் என் முழங்கால் என்ன கதி ஆகுமோ, யார் கண்டது.

வண்டியிலேயே போய் வண்டியிலேயே படுத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய யோசனை. லாட்ஜில் படுத்தால் அவருக்குத் தூக்கம் வராது. சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் கேரவன் மாதிரி ஒன்றைக் கட்டுவோம், உள்ளே கட்டில், அடுப்பு, ஓரமாகக் கழிவறை என்று அவர் சொன்னபோது, வாழ்க்கையில் முதல்முறையாக இந்த மனிதர் எனக்குப் பிடித்ததைப் பேசுகிறார் என்று நம்பினேன். ஓய்வுப் பணத்தில் ஒரு பங்கை எடுத்துக் கொடுத்தேன். பழைய சின்ன லாரி ஒன்றை வாங்கி, நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் பச்சமுத்துவிடம் விட்டார்.

துணைக்கு ஒரு ஜோடி சேர்ந்தது. மோகன்குமாரும் அவர் மனைவி ஜோதியும். மோகன்குமார் லாரிகளுக்குச் சரக்குப் பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான், இவர் ஓய்வு. ஓய்வு என்று பெயர்தான். போனைக் காதிலிருந்து எடுத்தால் காது குளிரும் போலிருக்கிறது. ஜோதி நல்ல பெண். நான் சொன்னாலும் தலையாட்டுவாள், அவர்கள் சொன்னாலும் தலையாட்டுவாள். அவளுக்கு ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்தால் போதும்.

சாயங்காலமானால் எங்கள் வீட்டில் கூடுவோம். நான் காபி போட்டு எடுத்து வருவதற்குள் ஆண்கள் இருவரும் பூனா தாண்டியிருப்பார்கள். எந்த டோல்கேட்டில் நெரிசல், எந்த மலைப்பாதையில் பிரேக் சுடும், எந்த தாபாவில் ரொட்டி வேகாமல் இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வழியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் மட்டும் மென்று முழுங்குவார். ஒருநாள் நானே கேட்டேன், அஜந்தா பக்கம் போகிறோமே, இறங்கிப் பார்க்கலாமா என்று. அங்கே பெரிய வண்டியைத் திருப்ப இடமில்லை என்றார். நாம் போவது சின்ன வண்டி என்றேன். அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் டீசல் கணக்குக்குப் போய்விட்டார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பாலைவனத்துக்கு அவர் எத்தனை நாள் வைத்திருக்கிறார் என்று ஒரு நாள் கேட்டபோதுதான் ஆத்திரம் வந்தது. ஒரு ராத்திரி. போக வர அத்தனை நாள் வண்டியில் குலுங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரே ஒரு ராத்திரி. மூன்று நாளாவது வேண்டும், பறவை நமக்காக வாசலில் நிற்காது என்று சொன்னேன். பார்த்தாயிற்றென்றால் கிளம்ப வேண்டியதுதானே, அங்கே உட்கார்ந்து என்ன செய்வது என்றார். மோகன்குமார் மோட்டுவளையைப் பார்த்தார். ஜோதி தலையாட்டினாள். அந்த வாரம் முழுக்க நான் அவரோடு சாப்பாட்டுக்குத் தவிர வேறு எதற்கும் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

இது போதாதென்று மோகன்குமாருக்கு ஒரு புலம்பல். இவ்வளவு தூரம் வண்டி காலியாகப் போவதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. நாலு பேர் போகிறோமே, அது எப்படிக் காலி ஆகும் என்று நான் கேட்டதற்கு, "ஆளுங்க லோடு ஆகுமாங்கக்கா" என்று சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் ஏமாந்தேன்.

பொங்கல் முடிந்த மறுவாரம், வண்டி தயார் என்று பச்சமுத்துவிடமிருந்து போன் வந்தது. அதை எடுத்துவர நாங்கள் இருவரும் நாமக்கல் போனோம். மறுநாள் விடியற்காலை நாலு பேரும் கிளம்புவதாக ஏற்பாடு. வண்டியைப் பார்த்ததும் கோபமெல்லாம் கரைந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். வெளியே கிளிப்பச்சை. உள்ளே கட்டிலுக்குப் பக்கத்தில், படுத்தால் கண்ணுக்கு நேராக, நான் கேட்ட இடத்தில் கேட்டபடியே ஒரு ஜன்னல். படுத்தபடியே விடிவதைப் பார்க்க வேண்டும் என்று பச்சமுத்துவிடம் நான் தனியாகச் சொல்லி வைத்திருந்தேன். மனிதர் மறக்கவில்லை.

வீட்டுக்காரர் டயருக்குக் காற்று பார்க்கப் போன நேரம், பச்சமுத்து என்னிடம் பெருமையாக ஒவ்வொன்றாகக் காட்டினார். கட்டிலுக்குக் கீழே ஒரு கொக்கியைத் தட்டினார். கட்டில் எழும்பிச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. ஜன்னல் அதற்குப் பின்னால் மறைந்துபோனது. தரையில் வரிசையாகக் கயிறு கட்டும் வளையங்கள்.

"இது எதுக்குங்க?" என்றேன்.

"லோடு ஏத்தறப்ப கட்டிலு இடிக்குமுல்லீங்க. அடியில ஸ்பிரிங்கு பட்டையும் சேத்திப் போட்டுட்டன். போறப்ப ஜவ்வரிசி, வர்றப்ப தரைக்குப் போடற கல்லுன்னு அண்ணன் சொன்னாருங்க. கல்லு கனம் தாங்கோணுமே."

அவர் பங்குக்கு வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ராத்திரிக் கணக்கு இப்போது புரிந்துவிட்டது. மறுநாள் கல் ஏற்ற வேண்டும். அதுதான் ஒரு ராத்திரி.

வீட்டுக்காரர் துணியில் கையைத் துடைத்தபடி வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் வெளிவந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார். பூசி மெழுகத் தொடங்கினார். காலியாகப் போனால் வண்டி குதிக்கும், எனக்குத்தான் முதுகு நோகும், அதற்காகத்தான் என்றார். ஜவ்வரிசியை அகமதாபாத்தில் இறக்கிவிடலாம், அதுவரைக்கும் பெண்கள் லாட்ஜில் படுத்துக்கொள்ளலாம். திரும்பும்போது கல், அதுவும் ஓரமாகத்தான் இருக்கும். வழியில் போலீஸ் கேட்டால் மகள் வீட்டுச் சாமான் என்று சொல்லிக்கொள்ளலாம். மோகன்குமார் எல்லாம் பேசி முடித்துவிட்டாராம். மல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் மூட்டைகள் காத்திருக்கின்றன, இப்போதே போய் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

கத்த வேண்டும்போல் இருந்தது. பட்டறையில் அத்தனை பேர் இருந்தார்கள். நான் வண்டிக்குள் ஏறினேன், கொக்கியைத் தட்டிக் கட்டிலை இறக்கினேன், செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். நான் சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அவர் வண்டியை எடுத்தார்.

சேர்த்துப் போட்ட பட்டையின் புண்ணியத்தில் வண்டி வழியெல்லாம் தூக்கித் தூக்கிப் போட்டது. காலியாகப் போனால் குதிக்கும் என்றார் அல்லவா, அதை மட்டும் உண்மையாக்கிக் காட்டினார். மில்லுக்குள் நுழைந்ததும் நேராக எடைமேடைக்கு விட்டார். சரக்கு ஏற்றும் முன்னால் வண்டியின் காலி எடையைக் குறித்தாக வேண்டும். ஏற்றிய பிறகு மறுபடியும் எடை போட்டு, இதைக் கழித்தால் சரக்கின் எடை. அதனால் வண்டிக்குள் ஆள் இருக்கக் கூடாது. எடைமேடைக்காரர் அறைக்குள்ளிருந்தே எல்லாரும் இறங்குங்கள் என்று குரல் கொடுத்தார். வீட்டுக்காரர் இறங்கினார். முன்னாலேயே வந்து காத்திருந்த மோகன்குமார் பின் கதவைத் திறந்து, "அக்கா, ஒரு நிமிசம் எறங்கிக்கங்க" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. கண்ணையும் திறக்கவில்லை.

மோகன்குமார் சொல்லிப் பார்த்தார். பிறகு கெஞ்சிப் பார்த்தார். மூட்டை தூக்க வந்தவர்கள் தோள் துண்டை விரித்து நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். எங்களுக்குப் பின்னால் ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. என் வீட்டுக்காரருக்கு அதைவிட அவமானம் வேறில்லை. எடைமேடையை அடைத்துக்கொண்டு நிற்கிறவனை அவரே வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார். உள்ளே ஏறி வந்து கதவைச் சாத்தினார்.

"எந்திரி, சௌந்திரம். ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டுங்க."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"காலியாப் போயி அங்க குக்கி உக்காந்துக்கிட்டு நான் என்ன பண்றது? லோடு இருந்தா ஏத்தறம், எறக்கறம். வேலைன்னு ஒண்ணு இருக்குது. சும்மா இருந்து எனக்குப் பழக்கமில்ல."

இந்த மனிதர் பயப்படுகிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்காக என் ஆத்திரம் குறைந்துவிடவில்லை. எழுந்து உட்கார்ந்தேன்.

"குடோன் வாசல்ல மூட்ட எறக்கறதுக்கு வாரக்கணக்குல காத்துக் கெடந்தீங்களே, அது என்னங்க? ஜவ்வரிசிக்குக் காத்துக் கெடந்தீங்க, வெங்காயத்துக்குக் காத்துக் கெடந்தீங்க. எனக்கு மூணு நாளு காத்துக் கெடந்தா உங்களுக்கு என்ன கொறஞ்சு போயிரும்?"

அவர் முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டார். வெளியே மில்லின் காயப்போடும் களம். சிமெண்டுத் தரை முழுக்க, சுவர் வரைக்கும், ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. துழாவிவிட்ட பலகை அதில் வரிவரியாகக் கோடு இழுத்திருந்தது. அதை அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இப்படித்தான் இருக்கும்" என்றார்.

"எது?"

"அங்க மணலு. இத்தன வெள்ள இல்ல, மஞ்சக் கலரு. விடியறப்பப் பாத்தா காத்து ரோட்டு மேலயும் இப்படித்தான் கோடு போட்டு வெச்சிருக்கும். ஒரு காலடி இருக்காது. அது மேல மொத டயரை ஏத்தறதுக்கு மனசே வராது. நான் எறங்கி நின்னுட்டே இருப்பன், பின்னால வர்ற வண்டி முந்திப் போகட்டும்னு."

முப்பது வருஷத்துக்கு மேல் அவரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். இதை ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"இத ஏனுங்க எங்கிட்டச் சொல்லல? எத்தன தடவ கேட்டிருப்பன்?"

"சொன்னா நீயும் வாரேம்ப" என்றார். "லோடு வண்டில உன்னய எங்க உக்கார வெக்கறது? அதான் மணலுன்னு சொல்லி உட்டுட்டன்."

பின்னால் ஹாரன் நிற்கவேயில்லை. எடைமேடைக்காரர் பொறுமை இழந்து ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். காலி எடை போடுவதா வேண்டாமா, ஒரு முடிவு சொல்லுங்கள் என்று அதட்டினார். அவருக்குப் பின்னால் மோகன்குமார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

வீட்டுக்காரர் ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்தார்.

"எடை வேண்டாங்க" என்றார். "வண்டி காலியில்ல."

மோகன்குமார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவர் கண்ணாடியைச் சாத்திவிட்டு முன்னால் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். நான் மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. வண்டி எடைமேடையை விட்டு இறங்கி, மில் கேட்டைத் தாண்டி, சங்ககிரிப் பக்கம் திரும்புகிறவரைக்கும் கட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.