இன்னும் இருபது பேர்

இர்ஃபானா லேப்டாப்பின் ஒயரைப் பிடுங்கியபோது பெரியம்மா முறைத்தாள். கூடத்தில் அத்தாவின் மையத்து கிடக்கிறது, ஊரே உட்கார்ந்திருக்கிறது, இவளுக்கு இப்போதுதான் கம்ப்யூட்டர் கேட்கிறதாக்கும் என்கிற முறைப்பு. இர்ஃபானா அதை அலமாரியில் துணிகளுக்கு அடியில் செருகினாள். நேற்று மத்தியானம் அத்தா தலை சாய்ந்து கிடந்தது அதன்மேல்தான்.

அம்மா ரஹ்மத் பீவி வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவிய படிச்சிக்கிட்டே போய்ட்டாவ. மில்லில் முப்பத்திரண்டு வருஷம் பஞ்சைத் தின்ற மனுஷன், அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவர், கடைசியில் மகள் வேலை பார்க்கிற காலேஜ் புத்தகத்தை வீட்டிலிருந்தே படித்தார் என்று. கேட்டவர்கள் அல்லா பிச்சை அண்ணனுக்கு நல்ல மவுத்து, இப்படியொரு சாவு யாருக்கு வரும் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் இர்ஃபானா அலமாரிக் கதவை இன்னொரு முறை அழுத்திச் சாத்தினாள். படிக்கவா உட்கார்ந்தார்? உட்கார வைத்தவள் அவளல்லவா.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் அவள் நூலகர். தரம் பார்க்கும் குழு வருகிறது என்றதும், இணைய நூலகத்துக்குள் எத்தனை மாணவர்கள் போகிறார்கள் என்று முதல்வர் கேட்டார். நாலாயிரம் மின்னூல்கள் இருந்தன. பிள்ளைகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாட்ஸப்பில் யாராவது அனுப்பும் பிடிஎஃப் அவர்களுக்குப் போதும். அதனால் மாணவர் பட்டியலை ஊழியர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இர்ஃபானா தன் பங்கை ராஜபாளையத்து வீட்டில் அத்தாவிடம் கொடுத்தாள். பதிவெண்ணைப் போட்டு, பிறந்த தேதியைப் போட்டு உள்ளே போய், ஒரு புத்தகத்தைத் திறந்து ஐந்து நிமிஷமாவது பக்கம் தள்ள வேண்டும். பிறகு அடுத்த ஆள்.

இது கள்ள ஓட்டுல்லா என்று அத்தா சிரித்தார். சிரித்தாரே தவிர, மறுநாளிலிருந்து ஷிப்டுக்குப் போகிறவர் மாதிரி காலையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு மாதமாக அதுதான் வேலை.

நேற்றுப் பதினோரு மணிக்குக் கல்லூரிக்குப் போன் பண்ணினார்.

"நெஞ்சுல என்னமோ அடைக்க மாதிரி இருக்கும்மா. செத்த நேரம் படுக்கட்டுமா?"

"வாயுவா இருக்கும் அத்தா, ஓமத்தண்ணி குடிங்க. ரெண்டு மணிக்கு நான் ரிப்போர்ட் எடுக்கணும். இன்னும் இருபது பேருதான்."

சரிம்மா என்று வைத்துவிட்டார். அவர் படுக்க உத்தரவு கேட்டதும் இவள் கொடுக்காததும் யாருக்கும் தெரியாது. பாவி, படுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும்?

தூக்குகிற நேரம் வந்தது. முகம் பார்க்கப் பெண்களைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருத்தியும் குனிந்து, தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதைப் பொறுத்துக்கிருங்க என்று சொல்லி நகர்ந்தாள். எல்லா மையத்துக்கும் சொல்கிற சொல்தான். இர்ஃபானாவும் குனிந்தாள். கஃபன் துணிக்குள் அத்தாவின் முகத்தில் கற்பூரம் மணத்தது. இன்னதுக்கு என்று சொல்லாமல் எதைப் பொறுக்கச் சொல்வது? வாய் வரவில்லை. பெரியம்மா தோளைப் பிடித்து நகர்த்தினாள். தம்பி அனஸும் மற்ற ஆண்களும் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்கு நடந்தார்கள்.

கால் மணி நேரத்தில் சத்யப்பிரியாவின் போன் வந்தது. நூலகத்தில் இவளுக்கு உதவியாக இருப்பவள். இந்த நேரத்தில் கூப்பிட்டதற்கு இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தாள். குழு வந்து உட்கார்ந்திருக்கிறது. எல்லாம் திருப்தி. ஒன்றே ஒன்றுதான். பாண்டி என்கிற மாணவன், இர்ஃபானாவின் பங்கில் இருந்தவன், நூற்பு இயந்திரம் பற்றிய ஒரே தமிழ்ப் புத்தகத்தை இருபத்தாறு நாளாகப் பக்கம் விடாமல் படித்திருக்கிறான். விட்ட இடத்தில் தினமும் அடையாளம் வைத்திருக்கிறான். அவனை நேரில் பாராட்ட வேண்டுமாம்.

"நம்ம பாண்டி லைப்ரரி பக்கமே வந்ததில்ல மேடம். வேற ஒரு பையன நிறுத்திரட்டுமான்னு பிரின்சிபால் கேக்காரு."

அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். காலேஜா என்று கேட்டுவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"நேத்து அவிய ஒனக்குப் பேசயில நான் பக்கத்துலதான் இருந்தேன். ஓமத்தண்ணி கலக்கிக் குடுத்ததே நாந்தான்."

இர்ஃபானா திரும்பிப் பார்த்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒன்ன ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்லிறக் கூடாது. அதான் எல்லாருட்டயும் படிச்சிக்கிட்டே போய்ட்டாவன்னு சொன்னேன்."

"மேடம், லைன்ல இருக்கீங்களா? நிறுத்திரட்டுமா?"

"வேண்டாம் சத்யா." குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது. "அது பாண்டி இல்ல. எங்க அத்தா. எல்லாரு பேருலயும் போனது அவியதான். வந்திருக்க குழுகிட்டயே சொல்லிரு."

கூடத்தில் எல்லாரும் திரும்பினார்கள். போனில் சத்யப்பிரியா, மேடம், மேடம் என்றாள்.

"நேத்து நெஞ்சு அடைக்குன்னாவ. படுக்கட்டுமான்னு கேட்டாவ. நாந்தான் படுக்க விடல."

அம்மா எழுந்து, மையத்து கிடந்த பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள். பெரிய பாய், ஒரு ஆள் சுருட்டினால் கோணிக்கொண்டு போனது. இர்ஃபானா போனை வைத்துவிட்டுப் போய் அடுத்த முனையைப் பிடித்தாள்.