இரண்டு முறை திருத்திய மழை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, அக்காவிடம் சுட்டது. அவள் வறட்சி மதிப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரி. நான் அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு இலக்கியம் படைக்கிறேன்.

முதல் வரி: ‘வெடித்த நிலம் வானத்தைப் பார்த்து...’

(வேண்டாம். வறட்சி என்றாலே நிலத்தை வெடிக்க வைக்காவிட்டால் எனக்குக் கை ஓடாது.)

2

விஷயம் இதுதான். காலநிலை மாதிரி என்றொரு கணினி நிரல், வரும் மாதங்களின் மழையைக் கணக்கிடுகிறது. அதற்கொரு கெட்ட பழக்கம், தினமும் கொஞ்சம் தூறிவிடும். மழைமானிப் பதிவுகளோடு ஒப்பிட்டு, மிகையாகச் சொன்னதை அக்கா குறைப்பாள். [என் கதைகளிலும் பக்கத்துக்குப் பக்கம் தூறல்தான். குறைக்க ஆளில்லை.]

இந்தத் தடவை மாதிரியின் கணக்குக் கோப்பை அனுப்பிய சக ஊழியர், கண்ணாடிக்காரர், ஏற்கெனவே குறைத்திருந்தார். அதை அவர் சொல்லவில்லை. அக்காவும் கேட்காமல் வழக்கம்போல் குறைத்தாள். சுமாரான மழை கடும் வறட்சியாகிவிட்டது. அவள் அறிக்கையை நம்பி, இந்தப் பருவம் பாசனத்துக்குத் தண்ணீர் கிடையாதென்று அணைப் பொறியாளர் இன்று மாலை அறிவிக்கப்போகிறார். கால்வாயை நம்பி நாற்று விட்டவர்கள் கதி அதோகதிதான்.

மதியம் வீட்டில் கணக்கைத் திரும்பப் பார்த்தபோதுதான் அக்கா இதைக் கண்டுபிடித்தாள். எனக்கு வந்த முதல் கவலை, ‘ஐயோ, வெடித்த நிலம் வீணாய்ப்போச்சே’ என்பது. நானெல்லாம் என்ன ஜென்மமோ.

3

பாத்திரத்தில் ஒரு சிக்கல். முதல் பிரதியில் அக்கா தெய்வப்பிறவியாக இருந்தாள். மிகையென்று குறைத்தேன். முகம் கழுவிவிட்டு வந்து, குறைத்ததை மறந்து மறுபடியும் குறைத்தேன். கல்நெஞ்சக்காரி ஆகிவிட்டாள்.

முடிவு அ: அவள் வாயைத் திறக்கவில்லை. மழையும் பொய்க்கிறது. அறிக்கை பலித்துவிடுகிறது.

முடிவு ஆ: கண்ணாடிக்காரர் தலையில் பழியைப் போட்டுவிட்டு அவள்...

அக்கா பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“நான் அப்படிப்பட்டவளாடா?”

இது வெறும் கதை என்று மழுப்பினேன்.

“அவர் சொல்லலைதான். கேக்காதது நான்தானே? கையெழுத்து என்னோடது.” போனைக் கையில் எடுத்துக்கொண்டு, “பயமா இருக்கு. பக்கத்துல உக்காரு” என்றாள்.

உட்கார்ந்தேன். இன்று நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

4

அவள் அறிக்கை ஒன்றுகூட இதுவரை பிழையென்று திரும்பி வந்ததில்லை. அடுத்த மாதம் பதவி உயர்வு வரவேண்டும். பொறியாளருக்குப் போடும் இந்த ஒரு போனோடு அதற்கு முழுக்கு. தெரிந்தேதான் எண்ணை அழுத்தினாள். சொல்லவேண்டியதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டாள்: “சார், அறிவிச்சிடாதீங்க. அதுல பாதி வறட்சி நான் உண்டாக்கினது.”

பொறியாளர் என்ன சொல்வார் என்று எழுதப்போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவரை நீ எழுதாத. அவரையும் திருத்திடுவ.”

ஆகவே பொறியாளரின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். அறிவிப்பில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்திருக்கிறீர்கள். மேசைமேல் போன் அடிக்கிறது. திட்டுவதென்றாலும் எடுத்துத் திட்டுங்கள். முதலில் எடுங்கள்.