அணைக்கும் பட்டன்

அக்காவின் எம்பிராய்டரி மெஷினுக்குப் பன்னிரண்டு ஊசி. அவளுடைய கம்ப்யூட்டருக்குப் பன்னிரண்டு வயது. மெஷின் நிமிடத்துக்கு எண்ணூறு தையல் போடும். கம்ப்யூட்டர் கண் விழிக்கவே கால் மணி நேரம் ஆகும். அதற்குள் அக்கா துணியை வளையத்தில் இறுக்கி, நூல்கண்டுகளை மாற்றி, டீயும் குடித்து முடித்துவிடுவாள்.

நான் தையல் மெஷின் மெக்கானிக். எதையும் திறந்து பார்க்காமல் எனக்கு நிம்மதி கிடையாது. அந்தத் திங்கட்கிழமை அக்காவின் மெஷினுக்கு எண்ணெய் போட வந்தவள், கம்ப்யூட்டர் திரையில் ஓர் அறிவிப்பைப் பார்த்தேன். இந்த சிஸ்டத்துக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராதாம். புதியதை ஏற்றலாம் என்றால் இந்தக் கம்ப்யூட்டருக்கு அதைத் தாங்கும் தெம்பு இல்லையாம்.

அதே நாள்தான் தீயணைப்பு நிலையத்திலிருந்து போன் வந்தது. அறுபது சட்டைகளுக்குத் தோள் பேட்ஜ் வேண்டும். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு மாதிரி காட்ட வேண்டும். அதோடு ஒரு நிபந்தனை: டிசைனும் தைப்பவரே போட வேண்டும். "அடிக்கடி சின்னச் சின்னத் திருத்தம் வரும். அன்னிக்கே மாத்தித் தரணும். வெளியில கொடுத்து வாங்கறவங்கன்னா எங்களுக்குச் சரிப்படாது" என்றார் நிலைய அதிகாரி அம்மா.

அக்கா ஒன்பது வருடமாக அடுத்தவர் போட்ட டிசைனைத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். "போட்டுடறேங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னடி சொல்லிட்டேன் நான்?"

"சரியாத்தான் சொன்னே" என்றேன். எனக்கு உள்ளுக்குள் மத்தாப்புக் கொளுத்தியதுபோல் இருந்தது. கட்டற்ற மென்பொருளைப் பற்றி இரண்டு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஏற்றிக் கொடுக்க ஆள்தான் கிடைக்கவில்லை.

மாமா, அதாவது அக்காவின் கணவர், பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மாறாது. பழைய சிஸ்டத்துக்குப் பதில் காசில்லாமல் கிடைக்கும் ஒன்றைப் போடலாம் என்று சாயங்காலம் நான் சொன்னதும் அதே கண்ணால் பார்த்தார்.

"இலவசமா ஆபரேட்டிங் சிஸ்டமா? மெக்கானிக், இருபது வருஷமா பார்க்கறேன். டிக்கெட் வாங்காம ஏறினவன் ஒருத்தன்கூட நிம்மதியா உட்கார்ந்து நான் பார்த்ததில்லே."

"இது டிக்கெட் வாங்காத பயணம் இல்லே மாமா. பஸ்ஸே நம்மளோடது."

"அப்போ டிரைவர்?"

"ஓட்டறது அக்கா. நிறையப் பேர் சேர்ந்து செஞ்ச பஸ். எப்படிச் செஞ்சாங்கன்னு வரைபடத்தையும் கூடவே கொடுத்திருக்காங்க. என்ஜின் மூடியை யார் வேணும்னாலும் திறந்து பார்க்கலாம், சரி பண்ணலாம், சரி பண்ணினதை அடுத்தவங்களுக்கும் கொடுக்கலாம். மூடிக்கு ஆணி அடிச்சு அனுப்பற மெஷினையும் நான் பார்த்திருக்கேன், திருகாணி போட்டு அனுப்பற மெஷினையும் பார்த்திருக்கேன். இது திருகாணி."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம்" என்றார் மாமா. "அதுக்குள்ள பேட்ஜ் வரலேன்னா சனிக்கிழமை இந்தப் பெட்டி காயலான் கடைக்கு. உன் திருகாணியையும் சேர்த்துப் போட்டுடுவேன்."

புதன்கிழமை மூன்று பென் டிரைவ்களோடு வந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு வகை லினக்ஸ், நான் சொன்ன அந்த இலவச சிஸ்டம். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கம்ப்யூட்டரில் எதையும் ஏற்றாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான். உள்ளே இருக்கும் பழைய ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது. பென் டிரைவை எடுத்துவிட்டால் பழையபடி.

"நூலோட்டம் போட்டுப் பார்க்கற மாதிரின்னு வெச்சுக்கோ" என்றேன். "அளவு சரியா இருந்தா அழுத்தித் தைக்கலாம். இல்லேன்னா நூலை உருவிட்டா முடிஞ்சது."

அக்காவின் முகம் தெளிந்தது. நூலோட்டம் அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி.

முதலாவது அழகாக இருந்தது, ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் மூச்சு வாங்கியது. இரண்டாவது சுறுசுறுப்பு, ஆனால் எதைக் கேட்டாலும் கட்டளையாக எழுதித் தரச் சொன்னது. "இது என்ன, ஆபீஸ்ல மனு கொடுக்கற மாதிரி" என்று அக்கா பென் டிரைவைப் பிடுங்கப் போனாள். மூன்றாவது லினக்ஸ் மின்ட். கீழே இடது மூலையில் மெனு, அதைத் தட்டினால் செயலிகள் வரிசையாக. பிரிண்டரைத் தானாகவே கண்டுபிடித்தது. தமிழ் எழுத்து உடையாமல் தெரிந்தது. நான் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போக, அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். அணைக்கிற பட்டன் எங்கே?"

"ஏன்?"

"மெஷின் ஓட்டக் கத்துக்கும்போது முதல்ல நிறுத்தத்தானே கத்துக்கிட்டேன். நிறுத்தத் தெரிஞ்சா பயமில்லாம ஓட்டலாம்."

மெனுவைத் திறந்து அவளே தேடினாள். சிவப்புப் பட்டன், மறைக்காமல், ஒளிக்காமல் அங்கேயே இருந்தது. "இதுதான் எனக்கு" என்றாள்.

வியாழக்கிழமை காலை, வேலைக்குப் போகும் முன் இரண்டு செயலிகளை இணையத்திலிருந்து அவளுக்கு இறக்கிக் கொடுத்தேன். இங்க்ஸ்கேப், படம் வரைய. அதோடு சேர்ந்து வேலை செய்யும் இங்க்ஸ்டிட்ச், வரைந்த படத்தைத் தையலாக மாற்ற. சுடர் மாதிரி ஓர் உருவம் வரைந்தால், அதை எந்தக் கோணத்தில் நூல் நிரப்ப வேண்டும், எவ்வளவு நெருக்கமாக, கீழே தாங்கிப் பிடிக்க அடித்தையல் வேண்டுமா என்று எல்லாவற்றையும் எண்ணாகக் கொடுக்கலாம். மெஷின் படிக்கும் ஃபைலாகச் சேமித்தால் முடிந்தது வேலை.

மத்தியானம் போன் செய்தாள். "ஏய், சுடர் வந்துடுச்சு. ஏணி வரைஞ்சுட்டு இருக்கேன். இந்தக் கோணத்தை மாத்தினா ஊசி எப்படிப் போகும்னு ஓட்டியே காட்டுதுடி."

சாயங்காலம் மறுபடியும் போன். "முடிச்சுட்டேன். சேமிச்சு வெச்சுட்டேன். ஒழுங்கா அணைச்சும் வெச்சுட்டேன். என்ன சமத்து பார்த்தியா?"

எனக்கு எதுவும் உறைக்கவில்லை. நானும் பாராட்டிவிட்டுப் போனை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போனபோது அக்கா திரை முன்னால் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மின்ட் பளிச்சென்று திறந்திருந்தது. படம் இல்லை. செயலிகளும் இல்லை. நேற்று என்ற ஒரு நாளே அந்தக் கம்ப்யூட்டருக்கு நடந்திருக்கவில்லை.

"தப்பா எதையாவது அழுத்திட்டேனா?"

பென் டிரைவிலிருந்து ஓடும் சிஸ்டம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவில்தான் வைத்திருக்கும். அணைத்த கணமே அது துடைத்துப்போகும். எனக்கு அது தெரியும். ஆனால் நான் அவளிடம் சொன்னது நூலோட்டம். நூலோட்டத்தை உருவினால் நூல்தான் போகும், துணி அப்படியே இருக்கும். இங்கே துணியும் சேர்ந்து போய்விட்டது. துணிக்காரிக்குத் துணியை உதாரணம் காட்டி, அவளை நம்பவைத்துக் கவிழ்த்தது நான்தான். இரண்டாவது சிஸ்டமாக இருந்திருந்தால் அணைக்கும் பட்டனாவது சுலபத்தில் அகப்பட்டிருக்காது.

"உன் மேல தப்பில்லே. நான் சொன்ன உதாரணம்தான் தப்பு" என்று முழுவதையும் விளக்கினேன்.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். "அழுத்தித் தைக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை மணி."

"தைச்சுடு."

அவளுடைய பழைய ஃபைல்களை முதலில் வேறொரு பென் டிரைவில் எடுத்து வைத்து, அது திறக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டு, மின்ட்டைக் கம்ப்யூட்டரிலேயே நிறுவி, அந்த இரண்டு செயலிகளையும் மறுபடி ஏற்றினேன். முடிந்ததும் அக்கா என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். ஒரே ஒரு கோடு போட்டாள். சேமித்தாள். அணைத்தாள். மறுபடி போட்டாள். நாற்பது நொடியில் திரை வந்தது. கோடு இருந்தது.

"இப்போ நம்பறேன்" என்றாள்.

ஒன்பதரைக்கு ஆரம்பித்தாள். நேற்று ஒரு நாள் முழுக்கத் தடவித் தடவிச் செய்ததை, இன்று கை தானாகச் செய்தது. பத்தரைக்குள் ஏணி. பதினொன்றுக்குச் சுடர். அங்கே நின்றாள்.

"நேத்து ஒரே கோணத்துல நிரப்பிட்டேன். தட்டையா இருந்தது. ராத்திரி படுத்துக்கிட்டு அதையேதான் நினைச்சேன். மூணு துண்டா பிரிச்சு, மூணு கோணம் கொடுத்தா என்ன?"

"கொடுத்துப் பாரேன்."

கொடுத்தாள். ஒரு மணிக்கு ஃபைல் மெஷினுக்குப் போனது. பன்னிரண்டு ஊசிகளில் நான்குக்கு மட்டும் வேலை. சட்டைத் துணி சுருங்காமலிருக்க அடியில் தாள் வைத்து வளையத்தை மாட்டினாள். மெஷின் கடகடவென்று ஆரம்பித்ததும் நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். முதலில் அடித்தையல், அதன் மேல் ஆரஞ்சு, அதன் மேல் மஞ்சள்.

காலை ஷிப்ட் முடித்து மாமா வந்தது அப்போதுதான். கேலி செய்ய வாயைத் திறந்தவர், எங்கள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். மெஷின் நின்றதும் துணியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முன்பக்கம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார், டிக்கெட்டின் தேதியைப் பார்ப்பதுபோல. மெல்லச் சாய்த்தார். வெளிச்சம் ஒரு கோணத்திலிருந்து அடுத்த கோணத்துக்கு வழுக்கியது. சுடர் அசைந்தது.

"எரியுதே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு, "நானும் வர்றேன், கிளம்பலாம்" என்றார்.

நான்கு மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது தீயணைப்பு நிலையத்தில் அதிகாரி அம்மா பேட்ஜைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். துணி எங்கேயும் சுருங்கவில்லை.

"நல்லா இருக்கு. ஆனா ஏணி இன்னும் கொஞ்சம் அகலமா வேணும். எத்தனை நாள் ஆகும்?"

"வீட்டுக்குப் போய்ச் சேர்ற நேரமும், அதுக்கு மேல பத்து நிமிஷமும்" என்றாள் அக்கா.

அதிகாரி அம்மா சிரித்தார். "டிசைன் நீங்களே போட்டதா?"

"ரெண்டு தடவை போட்டேன்" என்றாள் அக்கா.

அறுபது பேட்ஜுக்கும் ஆர்டர் எங்களுக்கே கிடைத்தது.

வீட்டில் அவள் ஏணியை அகலமாக்கிக்கொண்டிருக்கும்போது மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மெக்கானிக், இதுல என் டியூட்டி சார்ட் போட ஏதாவது இருக்கா?"

"லிப்ரே ஆபீஸ் இருக்கு. ஏற்கெனவே உள்ளேயே இருக்கு."

"அதுக்கு டிக்கெட்?"

"பாஸ் மாமா. ஆயுசுக்கும்."

"நாளைக்குக் காட்டு" என்றார் மாமா. அக்கா ஃபைலைச் சேமித்தாள், சிவப்புப் பட்டனை அழுத்தினாள், திரை அணைவதற்குக்கூடக் காத்திருக்காமல் நூல்கண்டு மாற்ற எழுந்து போனாள்.