இருமும் ஆந்தூரியம்

தையற்காரியின் கணவர் இறந்த மறுவாரம், அவர் வீட்டுக்குள் வளர்த்த ஆந்தூரியம் செடி அவருடைய குரலிலேயே இருமத் தொடங்கியது. அதே வாரம் நூல்கண்டு விலையும் ஏறியது. இருக்கும்வரை முன்னறை ஜன்னல் அவருடையது. நாற்காலியும் தொட்டியுமாக வெளிச்சம் மொத்தத்தையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவள் மூலையில் பட்டப்பகலில் பல்பைப் போட்டுக்கொண்டு காலமெல்லாம் தைத்தாள், கண்ணும் மங்கியது. "கொஞ்சம் நகருங்க, கறுப்புத் துணியில தையல் தெரியல" என்றால் ஓர் இருமல்தான் பதில். முடியாது என்று வாய் திறந்து சொல்லக்கூட அந்த மகராசனுக்கு வலித்தது.

அவர் போன மறுவாரமே முதல் வேலையாக மெஷினை ஜன்னலுக்கு இழுத்துப் போட்டாள், தொட்டியை மூலைக்குத் தள்ளினாள். அன்றைக்கே இருமல் கேட்டது. "செத்தும் ஜன்னல் கேக்குதா உங்களுக்கு?" என்று திட்டிவிட்டு, காய்ந்து சாகட்டும் என்று தண்ணீரை நிறுத்தினாள். அங்கேதான் ஏமாந்தாள். பாசம் பாசமென்று அவர் மூன்று வேளையும் சொம்பு சொம்பாக ஊற்றி வேரை அழுக வைத்திருந்தார், அதனாலேயே அது ஒரு பூக்கூடப் பூத்ததில்லை. மண் உலர்ந்ததும் வேர் மூச்சுவிட்டது. மூலையிலேயே பளபளவென்று புது இலை விட்டு, முன்னைவிட உரக்க இருமியது.

பிடுங்கி எறியத் தொட்டியைத் தூக்கியபோது மகள் வந்து நின்றாள். அப்பா செல்லம். வீட்டையும் அவள் பேருக்குத்தான் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார்.

"அப்பாவத் தூக்கி வெளிய போடப் பாக்குறியாம்மா?"

"என் கண்ணு போகுதுடி."

"உனக்குத்தான் பல்பு இருக்கே" என்றபடி மகள் மெஷினை மூலைக்குத் தள்ளி, தொட்டியைப் பழைய இடத்தில் வைத்தாள். அடுத்தவர் வீட்டில் இருந்துகொண்டு என்ன பேச முடியும்?

செடி சிவப்புச் சிவப்பாய்ப் பூத்துத் தள்ளியது. துணி கொடுக்க வந்தவர்களெல்லாம், புருஷன் மேல் இவளுக்கு எவ்வளவு உயிர் என்று மெச்சிவிட்டுப் போனார்கள். வயிற்றெரிச்சலில் அவள் சொட்டுத் தண்ணீர் காட்டாத வாரங்களில் இன்னும் அமோகமாகப் பூத்தது.

ஒருநாள் ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த பெண், இருமலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையாக்கா?"

"எங்க வீட்டுக்காரர்தான்" என்றாள் தையற்காரி, பல்பைப் போட்டபடி. "நீ கையத் தூக்கும்மா."