மைக் வைக்கும் தூரம்

"யாருப்பா ஆம்ப்ளிஃபயர அணைக்கல? உய்ங்குன்னு கேக்குது" என்றார் டிரம்ஸ்காரர், குச்சிகளை மடியில் போட்டுக்கொண்டு.

தகரப் பட்டறையின் பழைய சாமான் அறைதான் அவர்களுடைய பாட்டுக்குழுவின் சொந்த ஸ்டுடியோ. சுவரெல்லாம் முட்டை அட்டை. பதிவு செய்பவனுக்கு 'மீட்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் ஹெட்ஃபோனை அழுத்திப் பிடித்துக் கேட்டான். ஒன்றுமில்லை. இருந்தாலும் மின்விசிறியை நிறுத்தினார்கள். கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினார்கள். கிட்டார் வாசிக்கும் டிரம்ஸ்காரரின் மச்சினன், தன் மேலேயே சந்தேகம் வந்தவன்போல் மூச்சை அடக்கினான்.

"இப்ப, மாமா?"

"இன்னும் இருக்கு."

மெயின் ஸ்விட்சையே இறக்கினார்கள். எதுவும் ஓடாத அந்த இருட்டில், டிரம்ஸ்காரரின் இடது காதுக்குள் உய்ங் அப்படியே இருந்தது. அவர் அந்தக் காதை உள்ளங்கையால் பொத்திப் பார்த்தார்.

"போயிருச்சு" என்றார்.

பகலில் அவர் அதே பட்டறையில்தான் தகரம் வெட்டும் பிரஸ் மிஷின் ஓட்டினார். அவருக்கு முன்னால் ஓட்டியவர் காது அடைக்கிறது என்று சூப்பர்வைசரிடம் வாய் தவறிச் சொன்னார். "வீட்ல ரெஸ்ட் எடுங்கண்ணே" என்று அன்பாக அனுப்பினார்கள். அவர் இன்னும் ரெஸ்ட்டில்தான் இருக்கிறார். மச்சினனிடம் சொன்னால் சோறு ஆறுவதற்குள் அது அவன் அக்கா காதுக்குப் போய்விடும்.

மறுபடி வாசித்தார்கள். இடது பக்கமிருந்து வந்த கிட்டார் சத்தம் எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை. அடித்துக்கொண்டே போனார். முடிந்ததும் மச்சினன் கண் கலங்க நின்றான்.

"எல்லாரும் நிறுத்தின பிறகும் தனியா அடிச்சீங்களே மாமா, இந்தத் துணிச்சல் யாருக்கு வரும்?"

"தானா வருது மாப்ள."

கடைசிப் பாட்டுக்கு பிரஸ் மிஷினின் சத்தமே தாளம். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பதிவு செய்துகொள்ள சூப்பர்வைசர் சம்மதித்திருந்தார். விழும் தகரம் உற்பத்திக் கணக்கில் சேரும் என்பதால் அவருக்கும் சந்தோஷம். மிஷின் பக்கத்தில் மைக்கை நிறுத்தினான் மீட்டர். டிரம்ஸ்காரர் ஒரே ஒரு அடி இறக்கினார். மீட்டரின் கையிலிருந்த கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"நிறுத்துங்கண்ணே, நிறுத்துங்க." பதறிப்போய் மைக்கைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனான். ஸ்பாஞ்சைச் சுற்றி, மேலே தன் துண்டையும் போர்த்தினான். "நுணுக்கமான சாமான்ணே இது. இவ்வளவு கிட்ட வச்சா உள்ள கிழிஞ்சிரும். அப்புறம் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்க வேண்டியதுதான்."

"தூரமாவே வை" என்றார் டிரம்ஸ்காரர்.

"மூணு நிமிஷம் நிறுத்தாம ஓட்டுங்கண்ணே. சத்தம் அருமையா இருக்கு."

எல்லோரும் போய் மைக்குக்குப் பின்னால் நின்றார்கள். சூப்பர்வைசர் இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு தலையசைத்தார். டிரம்ஸ்காரர் முக்காலியை மிஷினோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெடலை மிதித்தார்.