ஒரே காசோலை, இரண்டு கையெழுத்து

எங்கள் ஊரில் யாரும் எதையும் நேராகக் கேட்க மாட்டோம். பக்கத்து வீட்டுக் கூரை பற்றி எரிந்தாலும், முதலில் குளிரை விசாரித்துவிட்டுத்தான் புகைக்கு வருவோம். அதனால் டார்லிஸ் தொலைபேசியில் பத்து நிமிடம் பனியைப் பற்றியே பேசியபோது, ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

டார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பத்தொன்பது வருடமாக எங்கள் லூத்தரன் தேவாலயத்தின் பொருளாளரும் அவள்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொறுப்பை விட்டுவிடப் போகிறாளாம். ஆர்கனைப் பழுது பார்த்ததற்கு எனக்குத் தவறுதலாக இரண்டு காசோலை எழுதிவிட்டாளாம். தேவாலயத்தின் கணக்கு காலியாகி, ஹீட்டர் எண்ணெய்க்குக் கொடுத்த காசோலை திரும்பி வந்துவிட்டதாம். சபைக் குழுவில் யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய திட்டு கிடையாது.

“எனக்கு ஒண்ணுதானே வந்துச்சு டார்லிஸ்?” என்றேன்.

நாளைக்கு இன்னும் பனி விழுமாம் என்றாள் அவள்.

அந்த ஒன்றைக் கைபேசியில் படமெடுத்து என் தனிக் கணக்கில் செலுத்தியது நானேதான். வாழ்நாளில் முதல் தடவை. முதல் படத்தில் என் கட்டைவிரல், இரண்டாவதில் பூனையின் வால். நான்காவதைத்தான் வங்கிச் செயலி ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பே காசோலையின் பின்னால் கையெழுத்திட்டு, ‘கைபேசி வழியாகச் செலுத்த மட்டும்’ என்றும் எழுதச் சொல்லியிருந்தது. கையெழுத்து போட்டதோடு பேனா மை தீர்ந்துவிட்டது. ஒரு வரிக்காக வானம் இடிந்துவிடாது என்று விட்டுவிட்டேன். காகிதத்தை இரண்டு வாரம் பத்திரமாக வைக்கச் சொன்னது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். பத்து நாள் கழித்து அது காணாமல் போனது. என் மனைவி லோர்னா கிழித்துப் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

மறுநாள் டார்லிஸும் நானும் தேவாலயத்தின் வங்கிக்குப் போனோம். அங்கிருந்த பெண் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். இரண்டு படங்கள். ஒரே எண், ஒரே தேதி. ஒரு தடவை என் கைபேசி வழியாக, இன்னொரு தடவை வேறொரு வங்கியில் காகிதமாக.

“ரெண்டு செக் இல்ல சார். ஒரே செக்தான், ரெண்டு எடத்துல போட்டிருக்காங்க. நாங்க இத மோசடின்னுதான் எழுதணும். பின்னால இருக்கிறது உங்க கையெழுத்துதானே?”

முதல் படத்தில் ஒரு கையெழுத்து, கோழி கிளறியதுபோல, என்னுடையதேதான். இரண்டாவது படத்தில் அதற்குக் கீழே இன்னொன்று. அதுவும் என் பெயர்தான், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் குளித்துத் தலைவாரி நின்றது. தூக்கத்தில் எழுந்துபோய் நானே செலுத்தினேனா? என் கைபேசிக்குள் எவனாவது புகுந்துவிட்டானா? அப்படிப் புகுந்த திருடன் எதற்காக என்னைவிட அழகாக எழுதுகிறான்?

வண்டி நிறுத்துமிடத்தில் டார்லிஸ் கையுறையை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“நானே ரெண்டா எழுதிட்டேன்னு இருந்துட்டுப் போகட்டும் ஹார்லன். குழுவுல நான் வேற ஒண்ணும் சொல்லப் போறதில்ல.”

நான் திருடன் என்று அவள் முடிவு செய்துவிட்டாள் என்பது வீட்டுக்குப் பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. திருடனைக் காப்பாற்ற, பத்தொன்பது வருடப் பெயரைத் தூக்கிக் கொடுக்கிறாள். மறுப்பதா, நன்றி சொல்வதா என்று தெரியாமல் எங்கள் தெருவைத் தாண்டி இரண்டு மைல் போய்விட்டேன்.

சமையலறையில் லோர்னா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். வங்கி அச்சடித்துத் தந்த தாளை அவள்முன் வைத்தேன். கத்தி நின்றது.

“கீழ இருக்கிறது நான் போட்டது,” என்றாள்.

“நீயா? எதுக்கு?”

“பத்து நாளா கதவுல தொங்குச்சு. போன வருஷம் ஒரு செக்க பேன்ட்டோட துவைச்ச. இன்னொண்ண புத்தகத்துல அடையாளத்துக்கு வச்சுட்டு நூலகத்துல திருப்பிக் குடுத்துட்ட. கட்டியாச்சுன்னு பின்னால ஒரு வரி கூட இல்ல, இதையும் நீ மறந்துட்டன்னு நெனச்சேன். மேல இருந்த கையெழுத்து பாதியில நிக்கிற மாதிரி இருந்துச்சு, திருத்தமா போட்டு நம்ம வீட்டுக் கணக்குல கட்டிட்டேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“கேட்டா உனக்குச் சங்கடமா இருக்குமே.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கோபப்பட வேண்டுமா, அவளை அணைத்துக்கொள்ள வேண்டுமா என்று இன்றுவரை விளங்கவில்லை. அன்றே போய்ப் பணத்தைத் திருப்பிக் கட்டி, வங்கிப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னோம். அவள் இருபது வருட அனுபவத்தில் இப்படி ஒரு கும்பலைப் பார்த்ததில்லை என்றாள். டார்லிஸிடம் மட்டும் போகவில்லை. அவள் பெயர் கெட்டது குழுவின் முன்னால், அதனால் அங்கேயே சொல்கிறேன் என்றாள் லோர்னா.

ஞாயிறு ஆராதனை முடிந்து, கீழறையில் காப்பியோடு எல்லாரும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். டார்லிஸ் பேச எழுந்தாள். நான் தொண்டையைக் கனைப்பதற்குள் லோர்னா எழுந்துவிட்டாள். முப்பது வருடத்தில் அவள் பொதுவில் பேசி நான் கேட்டதில்லை.

“டார்லிஸ் ஒரு செக்தான் எழுதினா. அத ரெண்டு தடவ போட்டது நாங்க ரெண்டு பேரும். ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கல.”

குழுத் தலைவர் தன் கோப்பைக்குள் எதையோ தேடினார். பிறகு, பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பதாக உத்தேசம் என்று டார்லிஸிடம் மெதுவாகக் கேட்டார்.

டார்லிஸ் என்னைப் பார்த்தாள், லோர்னாவைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

“ஜனவரிக் கணக்கு இன்னும் முடியல,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.